தினமும் தண்ணீர் விட்டும் செடி ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் இடம் இருக்கிறது. கரிசல் மண். போர் தண்ணீர் சப்பையாக, உப்புக் கரிப்பாக இருக்கும், குடிக்க முடியாது. போன தை மாதம் வறட்சி தாங்கும் என்று நர்சரியில் சொன்ன செடிகளாகப் பார்த்து வாங்கி வைத்தோம். நந்தியாவட்டை, காகிதப்பூ, இட்லிப்பூ, ரோஜா, மாதுளை, கறிவேப்பிலை. என் மாமனார் ஒருநாள் தவறாமல் சாயங்காலம் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விட்டார். அப்படியும் கத்திரி வெயிலில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. இட்லிப்பூ உயிரோடு இருக்கிறது, ஆனால் இலையெல்லாம் வெளிறிவிட்டது. பிடுங்கிப் பார்த்த ஒரு நந்தியாவட்டையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். மறுபடி நட நினைக்கிறோம். எந்தச் செடிகளை வைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் விடுவது? வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான்.

ஒரு பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பட்டுப்போன நந்தியாவட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அதன் வேர்ப்பகுதி நர்சரி கவரின் வடிவத்தில் அப்படியே உருளையாக இருக்கிறது. சுற்றிலும் ஒட்டியிருப்பது சிவப்பு மண், அதாவது நர்சரியில் கவருக்குள் போட்ட செம்மண். உங்கள் வீட்டுக் கரிசல் அதில் ஒட்டக்கூட இல்லை. தையில் நட்ட செடி, சித்திரை வரைக்கும் நான்கு மாதம் உங்கள் மண்ணில் நின்றும், ஒரு வேரைக்கூட வெளியே விடவில்லை. உங்கள் தோட்டத்தில் இருந்தும் அது கவருக்குள்ளேயேதான் வாழ்ந்திருக்கிறது. அந்தச் சின்ன உருளை மண்ணில் இருக்கிற ஈரம், கத்திரி வெயிலில் ஒருநாள் பொழுதுக்கே காணாது.

நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நந்தியாவட்டை வறட்சி தாங்கும் செடிதான். ஆனால் அந்தக் குணம் வேர் ஊன்றிய பிறகுதான் வேலை செய்யும். கவரிலிருந்து எடுத்து நட்ட முதல் வருடம் எந்தச் செடியும் வறட்சி தாங்காது, அரளியும் ஆவாரையும்கூட. முதல் வருடம் நாம் வளர்த்துக் கொடுத்தால் அடுத்த வருடங்களில் அது நம்மைத் தொந்தரவு செய்யாது. நடுகிற காலமும் நடுகிற முறையும் தண்ணீர் விடுகிற முறையும் சரியாக இருந்தால் போதும். உங்களுக்கு இந்த மூன்றிலும் தவறிவிட்டது.

முதலில் தண்ணீர். உங்கள் மாமனார் தினமும் விட்டாரே, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடிக்கு மூன்று அடி அகலத்தில் வட்டப்பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓஸைப் பிடித்துக்கொண்டு செடி செடியாக நகரும்போது ஒரு செடிக்கு இரண்டு, இரண்டரை லிட்டருக்கு மேல் விழாது. அந்த அகலத்தில் இரண்டு லிட்டர் பரவினால் மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் நிற்கும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் திறந்த தொட்டியிலிருந்து ஒரே நாளில் ஏழு எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். மேல் மண்ணின் ஒரு விரற்கடைதான் நனையும், அது மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வேர் இருக்கிற ஆழத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. செடியைக் காயப்போட்டால் வேர் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள், நர்சரிகளிலும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. காய்ந்து இறுகிய மண்ணுக்குள் வேர் துளைத்துக்கொண்டு போகாது. எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கேதான் வேர் வளரும். மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே படரும், முதல் வெயிலில் அதுதான் முதலில் கருகும். ஆக, நாம் முதலில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை நனைத்துவிட வேண்டும். அப்புறம் மேல் மண் காய்ந்துகொண்டே வர, கீழே ஈரம் தங்கியிருக்க, வேர் அந்த ஈரத்தோடு கீழே இறங்கும். நனைக்காமலே காயப்போடுவது செடியைப் பட்டினி போடுவதுதான்.

மூன்றடிப் பாத்தியில் ஓர் அடி ஆழம் நனைய சுமார் 20 லிட்டர் வேண்டும். பெரிய பக்கெட்டில் ஒன்றேகால் பக்கெட். உங்கள் மாமனார் தினமும் விட்ட இரண்டு, இரண்டரை லிட்டரை ஏழு நாளுக்குக் கூட்டுங்கள், 14-இலிருந்து 18 லிட்டர் வருகிறது. கிட்டத்தட்ட அதே தண்ணீர்தான். அதை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தடவையாக, மெதுவாக விட்டிருந்தால் இத்தனை செடி போயிருக்காது. தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை என்பதை உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். அவர் ஒருநாள் விடாமல் பார்த்துக்கொண்டது பெரிய விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று செடி என்று முறை போட்டுக்கொண்டால் அவர் தினமும் தோட்டத்துக்கு வரலாம், ஒவ்வொரு செடிக்கும் வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரும் கிடைக்கும்.

மெதுவாக என்று நான் சொன்னதற்குக் காரணம் கரிசல். உங்களுக்கே தெரிந்திருக்கும், கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் ஓஸை வைத்தால் தண்ணீர் நேராக ஆழத்துக்குப் போய்விடும், பக்கத்தில் இருக்கிற வேர்மண் காய்ந்தே கிடக்கும். வெடிப்பு விரியும்போது மெல்லிய வேர்கள் அறுந்தும் போகின்றன. நனைந்த கரிசலோ வீங்கி மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் அது தண்ணீரை உள்ளே வாங்குவது மிக மெதுவாகத்தான், வேகமாக விட்டால் வழிந்தோடும். அதனால் மாசி மாதமே பாத்திக்குள் களைக்கொத்தால் மூன்று விரல் ஆழத்துக்கு லேசாகக் கொத்தி வெடிப்புகளை மூடிவிடுங்கள். தண்ணீர் விடும்போது பாதியை ஊற்றிவிட்டு, அடுத்த செடிகளுக்குப் போய்விட்டு, அரைமணி கழித்து வந்து மீதியை ஊற்றுங்கள். இல்லையென்றால் அடியில் ஆணித்துளை போட்ட பழைய பக்கெட்டைப் பாத்தியில் வைத்து நிரப்பிவிட்டுப் போய்விடலாம். அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

எங்கே ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். தூரிலேயே ஊற்றுவது எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம். நட்ட முதல் இரண்டு மாதம் அது சரி, வேர் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பாத்தியை அகலப்படுத்திக்கொண்டே வந்து, கிளைகளின் நுனி எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். தண்ணீரை உறிஞ்சும் இளவேர்கள் அங்கேதான் இருக்கும். தூரை எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் அழுகல் நோய்தான் வரும்.

தண்ணீர் போதுமா போதாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள், கட்டட வேலையில் மிஞ்சிய கம்பி போதும். தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் பாத்தியின் ஓரத்தில் அதைக் கையால் அழுத்துங்கள். ஈரம் இருக்கும் வரை வழுக்கிக்கொண்டு இறங்கும். காய்ந்த மண் வந்ததும் சட்டென்று நின்றுவிடும், எவ்வளவு அழுத்தினாலும் போகாது. அந்த இடத்தைக் கம்பியில் விரலால் பிடித்து வெளியே எடுத்துப் பாருங்கள். ஓர் அடி இறங்கியிருந்தால் நீங்கள் விட்டது போதும். நான்கு விரல்தான் இறங்கியிருக்கிறது என்றால் அடுத்த தடவை இரண்டு மடங்கு விடுங்கள். அடுத்து எப்போது தண்ணீர் விடுவது என்பதையும் இதே கம்பி சொல்லும். அரை அடியில் மண்ணை எடுத்துக் கையில் பிடித்தால் உருண்டையாகிறது என்றால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். உருட்ட வராமல் உதிர்ந்தால் விட வேண்டிய நேரம்.

இலை வாடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குச் செம்பருத்தியோ வேறு எந்த அகன்ற இலைச் செடியோ தொங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். அது வெயிலைச் சமாளிக்கிற விதம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் வாடியே இருந்தால்தான் தண்ணீர்க் குறை. மண் ஈரமாக இருந்தும் வாடுகிறது, அடியிலைகள் மஞ்சளாகின்றன என்றால் வேர் அழுகுகிறது. அப்போது மேலும் தண்ணீர் விட்டால் செடி போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டிருக்கிறீர்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் முதல் இரண்டு வாரம், மழை இல்லாத நாட்களில், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைப் பக்கெட். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். தையிலிருந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, பங்குனி முதல் வைகாசி வரை ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீர். இதுதான் கஷ்டமான வருடம். இரண்டாம் கோடையில் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விடலாம். மூன்றாம் கோடையில் நந்தியாவட்டைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், அரளி, காகிதப்பூ, ஆவாரைக்கு அதைவிடவும் குறைக்கலாம். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண் என்பதால்தான் இந்த இடைவெளி. இதே செடியைச் செம்மண்ணில் வைத்தால் சீக்கிரமே வடிந்துவிடும், பாதி அளவாக இரண்டு தடவை விட வேண்டியிருக்கும். கம்பி சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் வந்தால் கம்பியை நம்புங்கள்.

பாத்தியின் மேல் மூடாக்கு போட்டே ஆக வேண்டும். வேப்பஞ்சருகு, கடலைத்தோல், தென்னை நார், காய்ந்த புல், எது கிடைக்கிறதோ அது, மூன்று நான்கு விரல் கனத்துக்கு. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். கரிசலில் மூடாக்கு செய்கிற நல்லதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். மூடாக்குப் போட்ட பாத்தி வெடிப்பதே குறைந்துவிடும்.

இப்போது போர் தண்ணீர். சப்பையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். எவ்வளவு உப்பு என்று தெரியாமல் செடி வாங்கக் கூடாது. மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின் கடத்துதிறன் (EC) என்று, உப்பின் அளவைக் காட்டும் ஓர் எண்ணை dS/m அலகில் தருவார்கள். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குக் கவலை இல்லை. இரண்டைத் தாண்டினால் ரோஜா, எலுமிச்சை போன்றவற்றை மறந்துவிடுங்கள். நான்கைத் தாண்டினால் உப்பைத் தாங்கும் சில செடிகளோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. கூடவே பாத்தி மண்ணையும் கொடுங்கள்.

உப்புத் தண்ணீருக்கும் தினசரித் தெளிப்புக்கும் ஆகவே ஆகாது. கொஞ்சமாக விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல் மண்ணிலேயே தங்கும், நாளாக நாளாக வெள்ளையாகப் பூக்கும். ஆழமாக விட்டால் அந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். இலையில் படும்படி ஓஸ் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். இலை நுனியும் ஓரமும் கருகுவதற்குப் பல வீடுகளில் அதுதான் காரணம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடுகிறார்கள். ஏற்கெனவே உப்பான போர் தண்ணீரின் உப்பையெல்லாம் சேர்த்து வெளியேற்றும் தண்ணீர் அது. உங்கள் ஊருக்கு வேண்டவே வேண்டாம், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதைத் தொட்டிச் செடிக்கு வையுங்கள். சோப்புத் தண்ணீரைக் கல்வாழைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், மற்றச் செடிகளுக்கு அது வேண்டாம்.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டிலும் குழாய் இறக்கியிருப்பார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு பெரிய தொட்டியோ சின்டெக்ஸோ வைத்துப் பிடித்தால், உப்பைத் தாங்காத செடிகளைத் தை, மாசி வரை அதிலேயே காப்பாற்றலாம். மிஞ்சிய மழைநீரைத் தெருவுக்கு விடாமல் தோட்டத்துப் பாத்திகளுக்குத் திருப்பினால், வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பை அதுவே கழுவிக் கீழே இறக்கிவிடும்.

சரி, செடிகளுக்கு வருவோம்.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருபவை ரோஜாவும் இட்லிப்பூவும்தான். ரோஜா உப்பைத் தாங்காது. ஆசை இருந்தால் ஒன்றிரண்டைப் பெரிய மண்தொட்டியில், கிழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், மழைநீரில் வளர்த்துக்கொள்ளுங்கள். இட்லிப்பூ தண்ணீர்க் குறையைத் தாங்கும், ஆனால் கரிசலைத் தாங்காது. நம் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் இட்லிப்பூ வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் இதுதான். உரக்கடையில் தரும் நுண்ணூட்டத்தை இலையில் தெளித்தால் சில வாரம் பச்சையாகும், மறுபடி வெளிறும். செம்மண், மட்கிய உரம் கலந்த தொட்டிக்கு மாற்றி மழைநீர் விடுங்கள், அல்லது செம்மண் தோட்டக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பூச்செடிகளில் நந்தியாவட்டையை மறுபடியும் வையுங்கள். அடுக்கு நந்தியாவட்டையை விட ஒற்றை நந்தியாவட்டை இன்னும் முரட்டுச் செடி, பூஜைக்கும் தினமும் பூ கிடைக்கும். காகிதப்பூவை மேற்குக் காம்பவுண்டு ஓரம் வையுங்கள். மதியத்துக்கு மேல் சுவர் அனலாகக் கக்கும் அந்த இடத்தில் மற்றவை கருகும், இது பூத்துக் குலுங்கும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் அதிகமானால் இலைதான் வரும், கொஞ்சம் காயவிட்டால்தான் பூ. நித்தியகல்யாணி ஒருமுறை வந்துவிட்டால் தானே விதை போட்டு வந்துகொண்டிருக்கும். வாடாமல்லியும் அப்படித்தான். டேபிள் ரோஸ் சின்னத் தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், படிக்கட்டு ஓரத்துக்கு அழகு. பவளமல்லி மரமாக வளரும், ஒன்று போதும்.

ஆவாரையை யாரும் தோட்டத்தில் வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். உங்கள் ஊர் ரோட்டோரத்தில், யாரும் ஒரு சொட்டு தண்ணீர் விடாத இடத்தில், மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதைவிட உங்கள் மண்ணுக்குப் பழகிய செடி வேறு என்ன இருக்கிறது? விதையைச் சேகரித்து, கொதிநீர் ஊற்றி ஒரு இரவு ஊறவைத்து, வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். பிடுங்கி நட்டால் வராது, ஆணிவேர் அறுந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் புதராக அடர்ந்து வரும். மருந்துக்கும் ஆகும் என்றால் நொச்சியும் ஆடாதோடையும் வேலி ஓரத்துக்கு நன்றாக வரும். ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது.

குண்டுமல்லி கேட்காமல் விட்டுவிட்டீர்களே! ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துப் பக்கத்திலிருந்துதான் நிறைய இடங்களுக்கு மல்லிப் பதியன் போகிறது. கரிசலில் கொஞ்சம் கவனம் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும். மேட்டில் வையுங்கள். கார்த்திகை வாக்கில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டிக் கவாத்து செய்து, உரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மாசி, பங்குனியில் நன்றாகப் பூக்கும். அந்தப் பூக்கும் மாதங்களில் மட்டும் மற்றச் செடிகளைவிட அதிகத் தண்ணீர் கேட்கும். அதைத் துணி துவைக்கும் கல்லுக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில், கறிவேப்பிலை, செம்பருத்தியோடு சேர்த்து வையுங்கள். தாகம் ஒத்த செடிகளை ஒரே பக்கம் வைத்தால் தண்ணீர் விடுவது பாதி சுலபமாகிவிடும். குண்டுமல்லிக்கும் செம்பருத்திக்கும் நடுவில் காகிதப்பூவை வைத்தால் ஒன்றுக்கு அழுகல், ஒன்றுக்குத் தாகம்.

அரளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் வறட்சிக்கும் உப்புக்கும் அதைவிட ஏற்ற பூச்செடி இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் மூச்சுத்துளைகள் குழிக்குள் ஒளிந்து, மேலே ரோமம் மூடியிருக்கும். அவ்வளவு சிக்கனமாகத் தண்ணீரைச் செலவழிக்கும். நாற்கரச் சாலைகளின் நடுவில் அதை வைப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் ஆபத்து. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டுமே வேண்டாம். பையன் வளர்ந்த பிறகு செவ்வரளி வைத்துக்கொள்ளலாம். பாலைவன ரோஜா என்று தொட்டியில் விற்கும் அடீனியமும் அரளி இனம்தான், அதன் பாலும் விஷம். மாடியில் எட்டாத இடத்தில் வைக்க முடியுமானால் மட்டும் வாங்குங்கள்.

பழத்துக்கு மாதுளை வைத்தது சரியான முடிவு, அதை மறுபடி முயலுங்கள். உப்பையும் ஓரளவு தாங்கும். காய் பிடித்த பிறகு மட்டும் தண்ணீரை ஏறுமாறாக விடக் கூடாது. பல நாள் காயப்போட்டுத் திடீரென்று ஊற்றினால் காய் வெடிக்கும். சீத்தா உங்கள் மண்ணுக்கு என்றே பிறந்தது. அருப்புக்கோட்டையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பழச்செடிகளில் வேலை செய்கிற இடம், அங்கேயே போய் ரகம் கேளுங்கள். கோடையில் சீத்தா இலையை முழுக்க உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருக்கும். நெல்லியும் கொடுக்காப்புளியும் உங்கள் இடத்துக்கு வரும், ஆனால் மூன்று சென்ட்டில் பெரிய மரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முருங்கை இல்லாத வீடா? பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 விதை ரகம், ஆறேழு மாதத்தில் காய்க்கும். ஆனால் கரிசலில் முருங்கை சாவது பெரும்பாலும் கோடையில் கிடையாது, கார்த்திகையில் தண்ணீர் தேங்கித்தான். கட்டாயம் மேடு போட்டு வையுங்கள்.

புல்தரை ஆசை இருந்தால் கொரியன் புல் பக்கம் போகாதீர்கள். அருகம்புல் போதும். கோடையில் காய்ந்து பழுப்பாகும், ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். வேகமாக வளரும், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி கோனோகார்ப்பஸ் செடியை வரிசையாக வைக்கச் சொல்வார்கள். குஜராத் அரசு 2023-இல் அதை நடக் கூடாதென்று தடை போட்டது. வறட்சியைத் தாங்குவது மட்டும் ஒரு செடியை வீட்டுக்குள் விடப் போதுமான தகுதி ஆகாது என்பதைச் சீமைக்கருவேலத்தைப் பார்த்து வளர்ந்த உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது பெரிய செடியாகத் தேடாதீர்கள். ஆறடி உயரத்தில் பூவோடு நிற்கிற செடியைவிட ஒன்றரை அடிச் செடி சீக்கிரம் வேர் ஊன்றும், இரண்டு வருடத்தில் அதை எட்டிப் பிடிக்கும். கவரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் வெளியே வந்து கயிறு போலச் சுற்றிக் கிடந்தால் அது வெகுநாள் அந்தக் கவரிலேயே இருந்த செடி, வேண்டாம்.

நடும் முறையிலும் உங்கள் நந்தியாவட்டை தோற்றது. குழியை ஒன்றரை அடி ஆழம், இரண்டடி அகலம் எடுங்கள். குழியை மணலாலோ செம்மண்ணாலோ நிரப்ப வேண்டாம். சுற்றிலும் களிமண் இருக்க நடுவில் மட்டும் இளகிய மண் இருந்தால், மழைக்கு அது கிணறாகித் தண்ணீர் தேங்கும், கோடையில் அது மட்டும் முதலில் காயும். வெட்டி எடுத்த கரிசலிலேயே மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து மூடுங்கள். மண் பரிசோதனையில் களர், அதாவது சோடியம் மிகுந்த மண், என்று வந்தால் எவ்வளவு ஜிப்சம் கலக்கலாம் என்றும் அவர்களே சொல்வார்கள். கவரைக் கிழித்ததும், சுற்றியிருக்கும் வேரை விரலால் பிரித்துவிடுங்கள், வெளிப்புறச் செம்மண்ணைக் கொஞ்சம் உதிர்த்துவிடுங்கள். அப்போதுதான் வேர் உங்கள் மண்ணைத் தொடும். சுற்றுத் தரையைவிட நான்கு விரல் உயரமாக நட்டு, அதைச் சுற்றிப் பாத்தி கட்டுங்கள். அடைமழைக்கு ஒரு பக்கம் கரையை வெட்டிவிட வசதியாக இருக்கட்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் இந்த ஆடி மாதத்தில் எதுவும் நட வேண்டாம். ஆடிக்காற்று புதுச் செடியை உலர்த்திவிடும், உங்கள் பக்கத்து மழை வடகிழக்குப் பருவத்தில்தான். இப்போது குழிகளை வெட்டி வெயிலில் ஆறப்போடுங்கள். ஆவணியில் தண்ணீரும் மண்ணும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் முதல் நல்ல மழை பெய்து, வெட்டிய குழியின் அடிமண் கையில் உருட்ட வருகிற அளவுக்கு நனைந்ததும் நடலாம். இந்த வருடம் எட்டுப் பத்துச் செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு சுற்றுத் தண்ணீரை 200 லிட்டருக்குள் சமாளித்துவிடலாம். மீதி இடத்துக்கு அடுத்த புரட்டாசி இருக்கிறது. பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். உப்பு மூன்றைத் தாண்டியிருந்தால் மேலே சொன்ன பட்டியலில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.